ஒரே அறையில் பல நிலைப் பிள்ளைகள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காடு மலைக் கிராமங்களில் பல தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு பேர். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் உட்காரும். அந்த அறையில் பென்சில் பிடிக்கவே இப்போதுதான் பழகும் பிள்ளையும் இருக்கும், பக்கத்திலேயே கதைப் புத்தகத்தை மளமளவென்று படிக்கும் பிள்ளையும் இருக்கும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறுபவர் உண்டு. கீழே சேலம் டவுனில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை.

அந்த அறையில் நிற்கப்போகும் ஆசிரியருக்குப் பயிற்சி தருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருத்தாளர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள், தலைமையாசிரியர்கள், பள்ளிகளோடு வேலை செய்யும் அமைப்பினர் எல்லோருக்கும் இது பயன்படும்.

பெரும்பாலான பயிற்சிகளில் ஆடல், பாடல், அட்டை, விளையாட்டு எல்லாம் முதலில் வந்துவிடுகின்றன. பிள்ளை கடைசியில் வருகிறார், சில சமயம் வருவதே இல்லை. ஆசிரியர் நிறைய உத்திகளோடு ஊருக்குத் திரும்புகிறார். எந்த உத்தி எந்தப் பிள்ளைக்கு என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பார்த்தல், அப்புறம் நிலையறிதல், அதற்கப்புறம்தான் குழு, பாடம், உபகரணம்.

1. பயிற்சிக்கு முன் தயாராக வேண்டியவை

முதல் தேவை, பிள்ளைகள். பிள்ளைகளே இல்லாத அரங்கில் இந்தப் பயிற்சியை நடத்த முடியாது. வட்டார வள மையத்தின் கூட்ட அறை வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பள்ளியைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தலைமையாசிரியரிடம் ஒரு வாரம் முன்பே நேரில் போய்ப் பேச வேண்டும். பிள்ளைகளைச் சோதிக்க வருகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் முன்வரிசையில் உட்கார வைத்துவிடுவார். யாரும் மதிப்பெண் போட வரவில்லை, எல்லாப் பிள்ளைகளும் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியை மலையிலேயே நடத்துங்கள். சேலத்திலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து வேலை பார்ப்பவர்கள் அவர்களில் பலர். அவர்களைக் கீழேயே உட்கார வைத்துப் பேசுவது எளிது, ஆனால் அவர்களுடைய வகுப்பறை அங்கே இல்லையே. பயிற்சியை மாலை மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். உள்கிராமங்களுக்குப் பேருந்து குறைவு. கடைசி ஒரு மணி நேரம் எல்லோர் கண்ணும் கடிகாரத்தில் இருந்தால் எதுவும் மனத்தில் ஏறாது.

ஒரு குழுவுக்கு 15 ஆசிரியர் போதும். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையோடு உட்கார வேண்டும், நீங்கள் ஒவ்வொருவரையும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 40 பேர் வந்தால் அது உரையாகிவிடும்.

மாதமும் முக்கியம். ஜூன் முதல் இரண்டு வாரம் புதுப் பிள்ளைகள் அழுது ஓய்வதற்கே சரியாக இருக்கும். ஜூன் கடைசி அல்லது ஜூலையில் தொடங்குங்கள். ஏற்காட்டில் நவம்பர் வாக்கில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை சூடுபிடிக்கும். பெற்றோர் தோட்டத்துக்குப் போக, பிள்ளைகளின் வருகை குறையும். அதற்குள் ஒரு முழுச் சுற்று முடிந்திருக்க வேண்டும்.

2. முதல் நாள் காலை: ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்தல்

வரவேற்புரை, அறிமுகம் எல்லாம் பத்து நிமிடத்தில் முடியட்டும். உடனே ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பிள்ளை. 20 நிமிடம் அந்தப் பிள்ளையை மட்டும் பார்க்க வேண்டும். பாடம் நடத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. பிள்ளை படம் வரையலாம், விளையாடலாம், சும்மாகூட இருக்கலாம்.

கையில் ஒரு தாள், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. பிள்ளை மூன்று தடவை சன்னல் பக்கம் திரும்பினார் என்பது பார்த்தது. கவனம் இல்லாதவர் என்பது நினைத்தது. இந்தக் கோட்டைப் போட்டுக் கொடுக்காவிட்டால் பெரும்பாலானோர் தாள் முழுக்க நினைத்ததையே எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. 30 பிள்ளைகளை ஒரே நேரத்தில் மேய்த்துப் பழகியவர்களுக்கு ஒருவரை மட்டும் பார்க்க நேரம் வாய்த்ததே இல்லை.

அதற்கப்புறம் ஒரு சிறு சோதனை. ஐந்து வயதுப் பிள்ளை ஒருவர் முன்னால் எட்டு பாட்டில் மூடிகளை நெருக்கமாக ஒரு வரிசையில் வையுங்கள். கீழே இன்னொரு எட்டு, அதே இடைவெளியில். “ரெண்டும் ஒண்ணா?” என்றால் ஒன்றுதான் என்பார். இப்போது கீழ் வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். “இதுலதான் நிறைய இருக்கு” என்று பரப்பிய வரிசையைக் காட்டுவார். எண்ணச் சொல்லுங்கள். இரண்டிலும் எட்டு என்று சரியாகவே எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடியும் பரப்பிய வரிசையில்தான் நிறைய என்பார்.

இது சுவிஸ் உளவியலாளர் பியாஜே செய்த சோதனை. அவர் சொன்னதை ஆசிரியர் பட்டயப் படிப்பில் எல்லோரும் தேர்வுக்கு எழுதியிருக்கிறார்கள். கண் முன்னால் பார்த்தவர்கள் குறைவு. அறையில் ஒரு சத்தம் எழும், பாருங்கள், அதுதான் இந்தப் பயிற்சியின் தொடக்கம். எட்டு வரை எண்ணத் தெரிந்தவருக்கு எட்டு என்றால் என்னவென்று இன்னும் பிடிபடவில்லை, அவரிடம் போய் 8 + 5 போடச் சொல்கிறோம் என்பது யாரும் சொல்லாமலே அவர்களுக்கு விளங்கிவிடும். அதே சோதனையை ஏழெட்டு வயதுப் பிள்ளையிடமும் செய்து காட்டுங்கள். பெரும்பாலும் அவர் “நீங்கதான தள்ளி வச்சீங்க?” என்று சிரிப்பார். இடைப்பட்ட இரண்டு வருடத்தில் எவ்வளவு நடந்திருக்கிறது என்பதை அந்தச் சிரிப்பு காட்டிவிடும்.

3. வளர்ச்சியையும் படிப்பையும் பிரித்துப் பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிற பயிற்சிகள் அதிகம். எழுதாத பிள்ளை என்றால் எழுத்து தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்: எழுத்து தெரியாமல் இருக்கலாம், எழுத்து தெரிந்தும் விரல்கள் இன்னும் தேறாமல் இருக்கலாம், கரும்பலகையே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. எழுத வைக்காமல், தரையில் எழுத்து அட்டைகளைப் பரப்பி “மா எங்கே இருக்கு?” என்று கேளுங்கள். தொட்டுக் காட்டினால் எழுத்து தெரியும், கைதான் தேற வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இன்னும் பத்துப் பக்கம் எழுதக் கொடுப்பது தண்டனைதான். களிமண் பிசைய, விதை பொறுக்க, காகிதம் கிழிக்க, மணலில் விரலால் வரையக் கொடுக்க வேண்டும். விரலும் மணிக்கட்டும் வலுத்த பிறகு எழுத்து தன்னால் வரியில் நிற்கும்.

பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். சளி பிடித்தே இருக்கும் பிள்ளைக்குக் காது மந்தமாக இருப்பது சாதாரணம், மலைக்குளிரில் கேட்கவே வேண்டாம். கரும்பலகையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்குகிறாரா என்றும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்ல வேண்டும். ஆசிரியர் தானாக ஒரு குறைபாட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது. இதைப் பயிற்சியில் அழுத்திச் சொல்லுங்கள். ‘மெல்லக் கற்பவர்’ என்று ஒரு முறை பதிவேட்டில் ஏறிவிட்டால் அது ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

4. நிலையறிதல்: ஒருவருக்கு ஐந்து நிமிடம்

அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கத் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தால் அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் எல்லா ஆசிரியருக்கும் பழக்கம். அரும்பு ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு நிலை, மலர் மூன்றாம் வகுப்பு நிலை. பெயர் பழகிய அளவுக்கு, ஒரு பிள்ளையை எதில் வைப்பது என்று நேரில் உட்கார்ந்து முடிவு செய்வது பழகவில்லை. அதற்குத்தான் முதல் நாள் பிற்பகல் முழுவதும்.

படிப்புக்கு ஒரே தாள் போதும். எழுத்துகள், இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள், நான்கு வாக்கியப் பத்தி, ஒரு சிறு கதை. பத்தியில் தொடங்குங்கள். சரளமாகப் படித்தால் கதைக்கு ஏறுங்கள், தடுமாறினால் சொல்லுக்கு இறங்குங்கள், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு. எழுத்திலிருந்தே தொடங்கினால் படிக்கத் தெரிந்த பிள்ளை சலித்துப்போகும், நேரமும் வீணாகும். சொல்லிலும் எழுத்திலும் ஐந்துக்கு நான்கு சரியாக வந்தால் அந்த நிலை வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கணக்குக்குத் தனித் தாள்: 1 முதல் 9 வரை எண் அறிதல், 10 முதல் 99 வரை, கூட்டல், கழித்தல். படிப்பில் மலரில் இருப்பவர் கணக்கில் அரும்பில் இருக்கலாம். இரண்டையும் சேர்த்து ஒரே முத்திரை குத்தக் கூடாது.

ஆசிரியர்கள் இங்கே இடறும் இடங்களை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் மேலே கட்டுவது எல்லாம் சாயும்.

முதலாவது, எழுத்துகளை வரிசையாகக் காட்டுவது. அ, ஆ, இ, ஈ என்று காட்டினால் பிள்ளை பாட்டாக ஒப்பித்துவிடும், கண் எங்கோ இருக்கும். கலைத்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, சோதிக்கும்போதே திருத்துவது. ஆசிரியர் கை சும்மா இருக்காது. பிள்ளை ‘பலம்’ என்று படித்தால் “பழம்னு சொல்லு” என்று வந்துவிடும். அந்த நொடியில் அது பாடமாகிவிட்டது, நிலையறிதல் நின்றுவிட்டது. தவறை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தத் தவறு என்பதுதான் நாளைக்கு என்ன நடத்துவது என்று சொல்லப்போகிறது.

மூன்றாவது, காத்திருக்காமல் விட்டுவிடுவது. கேட்ட இரண்டு வினாடியில் பதில் வராவிட்டால் “சரி, விடு” என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். மனத்துக்குள் பத்து எண்ணச் சொல்லுங்கள். கூச்சப்படும் பிள்ளைகள் பலர் ஏழாவது எண்ணில்தான் வாய் திறப்பார்கள்.

நான்காவது, மற்றப் பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது சோதிப்பது. முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள், அல்லது சிரித்துவிடுவார்கள். வராந்தாவின் கடைசியில் ஒரு பாய் போதும்.

5. குழு பிரித்தல்

மூன்று குழுவுக்கு மேல் வேண்டாம். ஓர் ஆசிரியர் இரண்டு குழுவைக் கண்ணாலும் ஒரு குழுவைக் கையாலும் பிடித்துக்கொள்ள முடியும். நான்காவது குழு எப்போதும் கைவிடப்பட்ட குழுவாகவே இருக்கும்.

வகுப்பை வைத்துப் பிரிக்காமல், நிலையை வைத்துப் பிரியுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார வேண்டிவந்தால் அவருக்கு வெட்கமாக இருக்கும். அதைத் தணிக்க ஆசிரியர் ஒன்று செய்யலாம்: தமிழுக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு, மதியம் படம் வரைய எல்லோரும் கலந்த குழு. நாள் முழுக்க ஒரே கூட்டத்தில் அடைபடாத பிள்ளைக்குத் தன்மேல் மதிப்பு குறையாது.

நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் குழுத் தலைவராக வைத்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வது எல்லோரும் செய்வது. வாரத்தில் ஓரிரு நாள் சரி. தினமும் செய்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி நிலையறிந்து குழுவை மாற்ற வேண்டும். தேதியைப் பயிற்சியிலேயே நாட்காட்டியில் வட்டமிடச் சொல்லுங்கள். ஜூலையில் பிரித்த குழு ஏப்ரல் வரை அப்படியே இருந்தால், நாம் பிள்ளைகளைத் தரம் பிரித்து ஒதுக்கிவைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

6. 90 நிமிடத்தை நடத்துதல்

இரண்டாம் நாள் முழுக்க இதற்கு. கருத்தாளர் முதலில் தானே உண்மையான பிள்ளைகளோடு நடத்திக் காட்ட வேண்டும், ஆசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டும். சக ஆசிரியர்களைப் பிள்ளைகளாக நடிக்க வைக்கும் மாதிரி வகுப்பு இதற்கு உதவாது. நடிக்கும் பிள்ளை பென்சிலைத் தொலைக்காது, சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று நடுவில் எழுந்து நிற்காது.

முதல் 20 நிமிடம் எல்லோரும் சேர்ந்து. ஒரே பொருள், ஒரே படம். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் படம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, கூடை, பழம், அக்கா, நாய்க்குட்டி. எல்லாப் பிள்ளைகளும் பேசட்டும். எழுத்து தெரியாத பிள்ளைக்குப் பேசத் தெரியும். தோட்டத்தைப் பற்றி ஆசிரியரைவிட அவருக்கு அதிகம் தெரியும். இந்த 20 நிமிடத்தில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

அடுத்த 60 நிமிடம் குழுக்களாக, மூன்று இருபதாக. இங்கே யாருக்கு முதலில் வேலை கொடுப்பது என்பதுதான் சூட்சுமம்.

முதலில் மலர்க் குழுவுக்கு: படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதி, பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். சொல்லிவிட ஒரு நிமிடம் போதும். அடுத்து மொட்டுக் குழுவுக்கு: கூடை, பழம், கொடி, செடி என்ற சொற்களின் எழுத்து அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, சேர்த்து வைத்து நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம். இரண்டு குழுவும் வேலையில் இறங்கிய பிறகு ஆசிரியர் அரும்புக் குழுவோடு தரையில் உட்கார வேண்டும். அரும்பிலிருந்து தொடங்கினால் மற்ற இருபது பேர் சும்மா இருப்பார்கள், ஐந்து நிமிடத்தில் அறை கலகலத்துவிடும்.

அடுத்த இருபதில் மொட்டோடு, கடைசி இருபதில் மலரோடு. அப்போது அரும்புக் குழுவுக்குக் கைவேலை கொடுக்க வேண்டும்: இன்று படித்த எழுத்தைப் பழைய செய்தித்தாளில் தேடி வட்டமிடுவது, பெரிய மூடிகளை அடுக்கி அந்த எழுத்தை வரைவது.

தானாகச் செய்யும் குழுவுக்கு என்றுமே புது வேலை கொடுக்கக் கூடாது. இதை நான் சுவரிலேயே எழுதி வைப்பேன். ஏற்கெனவே தெரிந்த வேலையைப் புதுச் சொல்லில், புதுப் படத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். புது வேலை கொடுத்தால் ஒவ்வொருவராக எழுந்து “டீச்சர், இது எப்படி?” என்று வந்துகொண்டே இருப்பார்கள். அரும்புக் குழுவின் இருபது நிமிடம் அதிலேயே கரைந்துபோகும். குழுமுறை எங்கள் பள்ளியில் ஒத்துவரவில்லை என்று சொல்லும் ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்தால் பத்தில் எட்டு இடத்தில் இதுதான் காரணம் என்று தெரியும்.

வேலை முடிந்தவர் என்ன செய்வார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஒரு மூலையில் கதைப் புத்தகங்களைக் கயிற்றில் தொங்க விடுங்கள். முடித்தவர் யாரையும் கேட்காமல் போய் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசி 10 நிமிடம் மறுபடி எல்லோரும் சேர்ந்து. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் தான் செய்ததைக் காட்ட வேண்டும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று பழகிய தலைமையாசிரியர்கள் உண்டு. அவர்களையும் இந்த இரண்டாம் நாளுக்கு அழையுங்கள். வேலை நடக்கும் சத்தத்தையும் வெறும் கூச்சலையும் அவர்கள் நேரில் கேட்டுப் பிரித்தறியாவிட்டால், நாளை ஆசிரியரைக் கண்டிக்கப்போவது அவர்களாகவே இருப்பார்கள்.

2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் வேலை பார்த்த ஆசிரியர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களைத் துணைக் கருத்தாளராக வையுங்கள். பாட அட்டைகளையும், எந்த அட்டைக்கு அடுத்து எது என்று காட்டும் ஏணிப்படியையும் வைத்துப் பல நிலைகளை ஒரே அறையில் நடத்திய பழக்கம் அவர்களுக்கு உண்டு. இளைய ஆசிரியர்கள் அவர்கள் சொன்னால் உடனே நம்புவார்கள்.

7. பிள்ளைகள் இடறும் இடங்களை முன்பே தெரிந்துகொள்ளுதல்

தமிழ் எழுத்தில் பிள்ளைகள் தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கான காரணம் தெரிந்த ஆசிரியர் அடிக்கடி கோபப்பட மாட்டார்.

‘கெ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கப் பழகிய பிள்ளை ‘கொடி’ என்பதை ‘கெ’ என்று தொடங்கிவிட்டுத் துணைக்காலைக் கண்டதும் திகைத்து நிற்கும். கண் கொம்பிலிருந்து காலுக்குத் தாவப் பழக வேண்டும். அட்டையில் கொம்பையும் காலையும் ஒரே நிறத்தில், க-வை வேறு நிறத்தில் எழுதிக் காட்டினால் பிடிபடும்.

உகர வரிசையை ஒரே நாளில் நடத்தக் கூடாது. கு, டு, மு, ரு ஒரு வடிவம். சு, பு, வு, யு வேறொரு வடிவம். து, நு, லு, று இன்னொன்று. மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும்.

எண்ணுப் பெயர்களில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. எண்ணூறு என்றால் 800, தொண்ணூறு என்றால் 90. ஓசை ஒன்று, மதிப்பு எங்கோ. தொள்ளாயிரம் ஆயிரம்போல் ஒலிக்கிறது, ஆனால் 900. எண்பத்தொன்பதுக்கு அடுத்தது என்ன என்று கேட்டுப் பிள்ளை விழித்தால் அது எண் தெரியாததால் மட்டும் அல்ல. அதேபோல் ‘நூற்று ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவார்கள். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள்: நூறு, ஐந்து. 100 என்று நீளமான அட்டை ஒன்று, 5 என்று சிறிய அட்டை ஒன்று. கடைசிச் சுழியத்தின் மேல் 5-ஐ வைத்து மூடிக் காட்டுங்கள், 105 தெரியும். ஆசிரியர்கள் அங்கேயே அந்த அட்டைகளை வெட்டி, ஒரு பிள்ளையோடு செய்து பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

8. உபகரணங்கள்: அரை நாளுக்கு மேல் வேண்டாம்

டி.எல்.எம். என்கிற கற்பித்தல் உபகரணங்களைச் செய்யும் நேரம் எல்லோருக்கும் பிடிக்கும். சார்ட், ஸ்கெட்ச் பேனா, ஜிகினா என்று முழு நாளும் போய்விடும். கடைசியில் அழகான ஒன்று சுவரில் ஏறும், பிள்ளை கைக்கு எட்டாது. செய்த பொருளைப் பிள்ளை கையில் எடுத்துக் கலைத்து அடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். முடியாதென்றால் அது அலங்காரம்.

பாட்டில் மூடி, ஐஸ் குச்சி, தீப்பெட்டி, பழைய காலண்டர், சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் வளையம் போதும். பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டினால் பத்து, பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டினால் நூறு.

விதைகளைப் பற்றி எச்சரிக்கை. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் பார்க்க அழகு, இரண்டும் நஞ்சு. வகுப்பறைக்குள் வரவே கூடாது. மிளகு, காப்பிக் கொட்டை போன்ற சிறு பொருள்களை ஐந்து வயதுப் பிள்ளைகள் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்வார்கள். அரும்புக் குழுவுக்குப் பெரிய மூடிகளையே கொடுங்கள்.

9. வீட்டுப் பேச்சுக்கு இடம் கொடுத்தல்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ‘மலையாளி’ என்ற பெயருடைய பழங்குடிப் பிள்ளைகள் பேசும் தமிழ் புத்தகத் தமிழ் அல்ல. சேலம் நகரில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். இவர்களில் பலரை நிலையறிதலில் தவறாகக் கீழே போட்டுவிடுகிறோம்.

முதல் மாதம் பிள்ளை தன் வீட்டுச் சொல்லிலேயே பதில் சொல்லட்டும். “அப்படிச் சொல்லக் கூடாது” என்று ஒரு முறை சொன்னால் அந்த வாய் பல நாளைக்குத் திறக்காது. ஆசிரியர் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் புத்தகச் சொல்லையும் எழுதி, இரண்டையும் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும். பயிற்சியில் ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து பத்துச் சொற்களைக் கேட்டு எழுதிவர வேண்டும் என்று வேலை கொடுங்கள். தமிழே புதிதான பிள்ளைக்குக் கணக்கின் நிலையை வாய்க் கேள்வியில்லாமல் பொருள்களை வைத்தே அறியலாம்.

10. பயிற்சி முடிந்தபின் பள்ளிக்குப் போதல்

இது இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் ஒரு மாதத்தில் மங்கிவிடும். முதல் வருகை இரண்டு வாரத்துக்குள் இருக்க வேண்டும். ஆசிரியர் முயன்று பார்த்து, ஏதோ ஒன்றில் சிக்கி, விட்டுவிடலாமா என்று நினைக்கும் நேரம் அதுதான்.

போனதும் பதிவேட்டைக் கேட்காதீர்கள், எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் இணையத் தளம்) பதிவு முடிந்ததா என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க வேறு ஆள்கள் இருக்கிறார்கள். நேராகத் தரையில், அரும்புக் குழுவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு முழுப் பாடவேளையைப் பேசாமல் பாருங்கள். அப்போதும் அதே தாள், நடுவில் அதே கோடு.

முடிந்ததும் தனியாகப் பேசுங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம். “நான் பார்த்தது இது” என்று ஒரு பிள்ளையைப் பற்றித் தொடங்குங்கள்: “மூணாவது வரிசைப் பொண்ணு ‘கொ’ வந்த மூணு இடத்திலயும் நின்னுட்டா, கவனிச்சீங்களா டீச்சர்?” ஆசிரியரைப் பற்றிப் பேசினால் அவர் தற்காத்துக்கொள்வார், பிள்ளையைப் பற்றிப் பேசினால் கூடச் சேர்ந்து யோசிப்பார். அடுத்த வருகைக்குள் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பத்துக் குறை சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் மாறாது. அவர் கேட்டுக்கொண்டால் அடுத்த பாடவேளையை நீங்கள் நடத்திக் காட்டுங்கள். இந்த இடத்தில் கருத்தாளர் தயங்கவே கூடாது.

சேலம் மாவட்டத்தில் உத்தமசோழபுரத்திலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தோடு தொடர்பு வைத்திருப்பது நல்லது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களையும் இதற்குப் பயன்படுத்துங்கள்: ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பிள்ளையின் ஜூலைத் தாளையும் இப்போதைய தாளையும் கொண்டுவந்து காட்ட, மற்றவர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல, ஒரு மணி நேரத்தில் மூன்று பிள்ளைகளைப் பற்றி உருப்படியாகப் பேசி முடிக்கலாம்.

மலைப் பள்ளிகளுக்கு ஒன்று கூடுதலாக. காப்பி அறுவடை ஓய்ந்து, பிப்ரவரி வாக்கில் வருகை சீராகும்போது, விட்டுவிட்டு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு முறை நிலையறிந்து பாருங்கள். சிலர் ஒரு நிலை இறங்கியிருப்பார்கள். நவம்பரில் இருந்த குழுவிலேயே அவர்களை உட்கார வைக்காமல், இப்போது இருக்கும் நிலையில் சேர்த்து, மூன்று வாரம் தினமும் பத்து நிமிடம் ஆசிரியர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே கற்றதுதான் என்பதால் பெரும்பாலோர் அந்த மூன்று வாரத்துக்குள் பழைய குழுவுக்குத் திரும்பிவிடுவார்கள். திரும்பாதவர்களின் பட்டியலைத் தனியே எடுத்து, மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.